ஒரு சாண் முளை

என் மனைவி தரையைப் பார்த்துத்தான் நடப்பாள். கல்யாணமான புதிதில் என் அம்மா இதை அடக்கம் என்று நினைத்துப் பூரித்துப்போனார். "நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேங்குது, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் இடத்தைக் காட்டி, "இங்க நடந்து நடந்து மண்ணு இறுகிப்போச்சு அத்தை. கொடியை அந்தப் பக்கம் மாத்திக் கட்டினா ஒரு மழைக்குப் புல்லு வந்துடும்" என்றாள். அம்மா கொடியை மாற்றவில்லை. அடக்கம் என்ற பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு மேய்ச்சல் நிலத் துறையில் வேலை. ஆடுகள் மேயும் பொது நிலங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். சம்பளம் கொடுத்துப் புல்லைப் பார்க்க அனுப்புகிறார்களே, நாட்டில் வேறு வேலையே இல்லையா என்று நான் வெகுநாள் கேலி செய்திருக்கிறேன். ஒருமுறை கூடப் போன பிறகு வாயை மூடிக்கொண்டேன். ஷூவின் முனையில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு வைத்திருப்பாள். சரிவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக நடப்பாள். நடையின் நடுவில் நின்று நின்று, அந்த வெட்டு எதன்மேல் விழுகிறதோ அதை மட்டும் உரக்கச் சொல்வாள். "புல்லு. சருகு. வெறும் மண்ணு. கல்லு. வெறும் மண்ணு." அருமையான புல் ஒரு விரற்கடை தள்ளி இருந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டாள். "கால் எங்க விழுதோ அதுதான். கண்ணுக்குப் பிடிச்சதை எழுதினா அது கதை" என்பாள். ஆடு மேய்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் புல்லு மேடம்.

எல்லாம் பார்த்து முடித்து அவள் எழுதவேண்டியது இரண்டே விஷயம். நிலை, போக்கு. இன்றைக்கு நிலம் எப்படி இருக்கிறது என்பது நிலை. எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது போக்கு. போக்குக்கு ஒரு அம்பு போடுவாள்: மேலே, கீழே, அல்லது படுக்கையாக. நிலையை வழியில் போகிறவன்கூடச் சொல்லிவிடுவானாம், போக்கைச் சொல்வதுதான் கஷ்டமாம். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. என் அம்மாவுக்குச் சர்க்கரை கூடியபோது, "நிலை பரவாயில்லை, போக்கு சரியில்லை" என்றாள். என் போட்டோ ஸ்டுடியோவைப் பற்றியும் அதையே சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா இப்போது இல்லை. ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான் ஓடுகின்றன.

அவளுக்கு ஒரே அண்ணன். என் மச்சான். ஆடு மேய்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில், அதை அவர் வேறு யாரையும்விட நன்றாகச் செய்தார். டவுனிலிருந்து ஸ்கூட்டரில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பெரிய சரிவு இருக்கிறது. இருந்தது. அதில் பல குடும்பங்கள் ஆடு விட்டாலும், சரிவுக்கு நேர் கீழே பள்ளத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தவர் அவர் மட்டும்தான். வீடு, பக்கத்தில் பட்டி, பட்டிக்குப் பின்னால் சரிவு. காலையில் பட்டியின் படலைத் திறந்தால் ஆடுகள் தாமாகவே ஏறிப் போய்விடும். அந்தச் சரிவு இல்லையென்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. இதை அவரே வாய்க்கு வாய் சொல்வார்.

அந்தச் சரிவுக்கு மார்க் போடும் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது. அண்ணன் மேய்க்கும் இடத்துக்குத் தங்கை மார்க் போடுவதா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முதல் வருடம் அவள் எல்லோரையும் ஆடு குறைக்கச் சொன்னாள், அண்ணனை முதலில் சொன்னாள். முணுமுணுப்பு அத்தோடு அடங்கிவிட்டது.

அந்த முதல் வருடத்தில்தான் சரிவின் மேலும் கீழும் வரிசையாக இரும்பு முளைகளை அடித்து வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. வெளியே தெரிவது சரியாக ஒரு சாண். மண் கரைந்து போனால் முளை அதிகமாக வெளியே தெரியும், மண் வந்து சேர்ந்தால் புதையும். இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது என்பது அவள் கட்சி. புல் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. மனிதர்கள் இஷ்டத்துக்குப் பேசுவார்கள். இரும்புக்கு என்ன வந்தது?

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடமாக அவள் போய் அளக்கும்போதெல்லாம் முளைகள் ஒரு சாண்தான் வெளியே இருந்தன. மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. வெறும் மண் சில வருடம் கூடுதலாகக் காலில் பட்டது, அதை வறட்சி என்று எழுதினாள். மண் அப்படியே இருக்கும்வரை புல் திரும்பி வரும் என்பது அவள் படித்த பாடம். ஆகவே அம்பு படுக்கையாகவே இருந்தது. படுக்கை அம்பு என்றால் சரிவைத் திறந்துவிடலாம், போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட ஆடு விடலாம். தங்கையின் அம்பை நம்பி மச்சான் ஆட்டைப் பெருக்கினார். மகளை வெளியூரில் படிக்க வைத்தார். பள்ளத்து வீட்டோடு இன்னொரு அறையை இழுத்துக் கட்டினார்.

மயிரிழைகூட மாறாதபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று இப்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நடந்து முடிந்த பிறகு யாருக்கும் மூளை நன்றாகத்தான் வேலை செய்யும். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

இந்த வருடம் முதல் தூறல் சீக்கிரமே விழுந்தது. மச்சான் போனில் துள்ளினார். "பாப்பா, வந்து பாரு. பச்சைப் பாயை விரிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு." அவருக்குத் தங்கை இன்னும் பாப்பாதான். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வழக்கமாகத் திரும்பி வந்ததும் ஷூவைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள். அன்று பேசவில்லை. கேமராவை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "பிரிண்ட் போடுங்க" என்றாள்.

ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் ஒரு படம் எடுப்பாள். பழைய படங்கள் எல்லாம் என் ஸ்டுடியோவில்தான் இருந்தன. புதியதை அச்சடித்து, பழையவற்றோடு சேர்த்து மேஜைமேல் வரிசையாகப் போட்டேன். என் கண்ணுக்கு இந்த வருடத்துப் படம்தான் அழகு. காலண்டரில் போடலாம். ஒரு மூலையில் இருந்த கல்லைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை, படத்தைக் கெடுத்தது. முதல் வருடப் படத்தில் அதே மூலையில் அது ஒரு செருப்பு அளவுக்குத்தான் இருந்தது. நடுவில் எப்போதோ தலையணை அளவு. இப்போது மாடு படுத்திருப்பதுபோல் கிடந்தது.

"என்ன இது, கல்லுக்கு மட்டும் தனியா உரம் போட்டு வளர்க்கறீங்களா?" என்றேன்.

சும்மா அவள் வாயைப் பிடுங்குவதற்காகச் சொன்னதுதான். அவள் படங்களைக் கையில் எடுத்தாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள்.

"கல்லு வளராதுங்க."

"அது எனக்கும் தெரியும்."

"முளை மாறவே இல்லை. அப்புறம் கல்லு எப்படி வெளிய வந்துச்சு?"

சிரிக்காமல் உட்காருங்கள் என்று நான் ஸ்டூலில் உட்கார வைத்திருந்த பாஸ்போர்ட் போட்டோக்காரர் நாடியைத் தூக்கியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். தூரத்திலிருந்து பார்க்கச் சரிவு பசேலென்றுதான் இருந்தது. கிட்டப் போய் அவள் குனிந்து இரண்டு விரலால் ஒரு செடியைப் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை, வேரோடு கையில் வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு மழைக்கு வந்து ஒரு வெயிலுக்குப் போறது. பார்க்கத்தான் பச்சை, மண்ணைப் பிடிக்காது" என்றாள். பழைய, வருடக்கணக்கில் நிற்கிற புல் தூர்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தன. ஒவ்வொன்றும் முக்காலிமேல் ஏறி உட்கார்ந்ததுபோல் ஒரு சின்ன மண் திட்டின்மேல் நின்றது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கைகள் தண்ணீர் இழுத்துப் போன வாக்கில் கோடு கோடாகக் கிடந்தன. மண்ணின் மேல்பரப்பு அப்பளம் மாதிரி ஏடு கட்டியிருந்தது, மிதித்தால் நொறுங்கியது.

சரிவில் முட்புதர்கள் நிறைய. ஆடு உள்ளே நுழைய முடியாத புதர்கள். ஒவ்வொரு புதரின் அடியிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்மேடு இருக்கும். காற்றில் வரும் தூசியைச் செடி பிடித்துச் சேர்த்துக்கொள்கிறது என்று அவள் எனக்கே எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறதாம். இப்போது ஒரு புதருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முள் கையைக் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் அந்த மேட்டைத் தோண்டினாள். அடுக்கடுக்காக வேர், கறுப்பு மண், பழைய சருகு.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது மேடு இல்லீங்க. இதுதான் தரை. நாம நிக்கறதுதான் பள்ளம்."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கால் கூசியது. ஒரு காலத்தில் அந்தச் சரிவு முழுக்க என் முழங்கால் உயரத்துக்கு மண் இருந்திருக்கிறது. அவ்வளவும் எங்கள் கண்ணெதிரே போயிருக்கிறது.

ஆனால் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், முளை ஒரு சாண் நின்றது. அவள் ஸ்கேலை வைத்து அளந்தாள். அதே ஒரு சாண்.

இதற்குள் மச்சான் கோலை ஊன்றிக்கொண்டு ஏறி வந்துவிட்டார். "வாங்க மாப்பிள்ளை. என்ன, கடையை மூடிட்டு ரெண்டு பேரும் மலையேற வந்துட்டீங்க?" என்று சிரித்தார்.

"அண்ணா, இந்த முளையை யாராவது தொட்டாங்களா?"

"யாரு தொடுவாங்க? நான்தானே பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கறேன்னா?"

"என்ன பாப்பா இப்படிக் கேக்கறே? நீதானே சொன்னே. ஒரு சாண் வெளிய இருக்கணும், பார்த்துக்கோன்னு. வருஷா வருஷம் நீ வர்றதுக்கு முன்னாடி சுத்தியலை எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் ஒரு சாணுக்குத் தட்டி வெச்சுடறேன். இது பேருக்கேத்த மாதிரி முளைச்சுக்கிட்டேதான் வருது. ஒரு மழைக்கு ரெண்டு விரல், மூணு விரல்னு வெளிய வந்துடும். என்னிக்காவது உனக்குக் குறை வெச்சிருக்கேனா?"

அவர் முகத்தில் பெருமை. அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்த்துக்கோ என்றால், பொங்குகிறதா என்று கண் வைத்திரு என்று அர்த்தம். குழந்தையை விட்டுவிட்டுப் பார்த்துக்கோ என்றால், கவனித்துக்கொள், ஒரு குறையும் வராமல் வைத்துக்கொள் என்று அர்த்தம். அவள் பாலுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் குழந்தைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். யார்மேல் குற்றம் சொல்வது? தமிழ்மேல்தான் வழக்குப் போட வேண்டும்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தொடர்ந்து பேசினார்.

"ஆனா ஒண்ணு. போன வருஷத்திலேருந்து தொல்லை குடுக்குது. எவ்வளவு தட்டினாலும் இறங்க மாட்டேங்குது. அடியில ணங்கு ணங்குன்னு சத்தம். போன வருஷம் மேல் வரிசை மட்டும்தான் அப்படி இருந்துச்சு. இந்த வருஷம் எல்லா வரிசையும். சரி, என்ன பண்றது, தலையை ரம்பத்தால அறுத்து ஒரு சாணுக்குக் கொண்டாந்துட்டேன்."

"அறுத்தியா?"

"பின்ன? அளவு மாறக் கூடாதுன்னியே."

அவள் உட்கார்ந்தபடியே முளையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தாள். பெரிய பலம் தேவைப்படவில்லை. பிடுங்கியதும் மண்ணுக்குள் இருந்த பகுதியில் ஈரக்கறை தெரிந்தது. அதன்மேல் விரல்களை வைத்தாள். நாலு விரல். அதற்குக் கீழே பாறை.

வானத்தில் ஒரு பக்கமாக மேகம் சேர்ந்துகொண்டிருந்தது. மச்சானுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், எந்த வருடமும் அப்படித்தான். அன்று மூன்று பேருமே அதை அண்ணாந்து பார்த்தோம்.

வண்டியிலிருந்து தண்ணீர் கேனை எடுத்துவரச் சொன்னாள். முட்புதர் மேட்டில் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விட்டது. அடுத்ததாக நாங்கள் நின்ற இடத்தில், அந்தப் பச்சைமேல் ஊற்றினாள். சிமெண்டுத் தரையில் ஊற்றியதுபோல் அது சரசரவென்று ஓடியது. ஓடும்போதே மண்ணை அள்ளிக்கொண்டு நிறம் மாறியது.

"எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு அண்ணா."

அவர் பார்த்தார். நேர் கீழே அவருடைய வீட்டுக் கூரை.

அன்று மதியமே நேராக அலுவலகத்துக்குப் போனோம். அவளுடைய மேலதிகாரி கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறிக்கு அடியில் காகிதங்கள் பறக்காமல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பச்சைப் பசேல்னு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. இப்பப் போய் மூடுன்னா எப்படி? இத்தனை வருஷமா படுக்கை அம்பு போட்டது நீங்கதானே?"

"ஆமா சார். எல்லாம் தப்பு. தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்."

"விசாரணை வரும். வேலைக்கே உலை வெச்சுக்கறீங்க."

"வரட்டும் சார். நான் மார்க் போடற மத்த ரெண்டு சரிவுலயும் இதே முளைதான். அங்க இருக்கறவங்களுக்கும் நான் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்."

அவர் முன்னாலேயே போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒருவர், "கவலையே வேண்டாம் மேடம், டாண்ணு ஒரு சாண் இருக்கு" என்றார். இன்னொருவர் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பெயின்ட் வேறு அடித்திருந்தார். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு சரிவுகளுக்கும் கீழே வீடுகள் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். மூன்றையும் மூட உத்தரவு கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் எழுதினார். மேலிடம் என்றால் எவ்வளவு மேலே என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே கத்தினார். மூடப்போகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"மேய்ச்சல் கொட்டிக் கிடக்கு, இப்பப் போய் மூடச் சொல்றியா? நீ போட்ட அம்பை நம்பித்தானே ஆட்டைப் பெருக்கினேன்?"

"ஆமா."

"என்ன ஆமா?"

"என் அம்பைப் பார்த்து நீ ஆட்டை ஏத்தினே. ஆடு ஏற ஏற மண்ணு போச்சு. மண்ணு போகப் போக நீ முளையைத் தட்டினே. நீ தட்டத் தட்ட நான் அம்பைப் படுக்க வெச்சேன். இதுல யாரைத் திட்டணும்னு சொல்லு அண்ணா, சேர்ந்தே திட்டலாம்."

அவள் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேய்ச்சலை விடு. வேலையை விடு. பள்ளத்தை விட்டு வெளிய வா. அண்ணியைக் கூட்டிக்கிட்டு, ஆட்டை ஓட்டிக்கிட்டு இன்னைக்கே வா. அது ஒண்ணை மட்டும் கேளு. நாலு விரல் மண்ணு பாறை மேல உக்காந்திருக்கு. நல்லா ஒரு மழை வந்தா அது உக்காந்திருக்காது."

"எங்கப்பா காலத்திலேருந்து அந்தப் பள்ளத்துல மழை பார்க்கறோம்" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார். வாசலில் வைத்த காப்பி ஆறிப்போயிருந்தது.

அடுத்து வந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. மேகம் வரும், கலையும், மறுபடி வரும். காற்றே இல்லாமல் புழுங்கியது. அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணிக்கொரு தரம் அண்ணிக்குப் போன் போடுவாள். "உங்கண்ணன் காலையிலேருந்து குடத்தைத் தூக்கிக்கிட்டு மேலயும் கீழயும் ஏறி இறங்கறாரு. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு" என்றார் அண்ணி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. அழுதாள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் எங்கள் தெரு முழுக்க ஆடு. முன்னால் அண்ணி, தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பெட்டி. பின்னால் மச்சான். ஆடுகள் என் ஸ்டுடியோ பின்கட்டில் நிறைந்து, பக்கத்துக் காலிமனையில் நிறைந்து, எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்தும் இடத்திலும் நின்றன. எதிர்வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நானும் ஊத்திப் பார்த்தேன் பாப்பா" என்றார் மச்சான், தங்கையிடம். "மேல ஊத்தினேன், நடுவுல ஊத்தினேன், கீழ ஊத்தினேன். எங்க ஊத்தினாலும் வாசலுக்குத்தான் வருது."

மறுநாள் மதியம் மழை பிடித்தது. அப்படி ஒன்றும் பேய்மழை இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வருகிற மாதிரியான மழை. இதைவிடப் பெரிய மழைகளை அந்தச் சரிவு ஒரு காலத்தில் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு ஓடைப் பாலம் உண்டு. சரிவில் விழும் மழைத் தண்ணீர் அங்கே வந்து சேர முன்பெல்லாம் மறுநாள் ஆகும், தெளிந்துதான் வரும். அன்று தூறல் ஆரம்பித்துக் குடையைத் தேடி எடுப்பதற்குள் ஓடை நிறம் மாறிவிட்டது. அண்ணனும் தங்கையும் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீரா அது, குழம்பாக வந்தது. பாலத்துக்கடியில் இடித்துக்கொண்டு புரண்டது. பட்டியின் படல் ஒன்று மிதந்து வந்து தூணில் மாட்டிக்கொண்டபோது மச்சான் அதை அடையாளம் கண்டுகொண்டார். அதை நான் கட்டினது என்று மட்டும் சொன்னார்.

காலையில் மழை விட்டதும் நாலு பேரும் போனோம். பாதி வழியில் ரோடு இல்லை, இறங்கி நடந்தோம். சரிவு இருந்த இடத்தில் பாறை இருந்தது. வெயில் பட்டுப் பளபளவென்று, கழுவிக் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி. ஒரு புல் இல்லை, ஒரு பிடி மண் இல்லை. மேலிருந்து கீழ்வரை எங்கும் கண் நிற்க இடம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

பள்ளத்தில் வீடு ஜன்னல் மட்டத்துக்குச் சேற்றில் நின்றது. புதிதாக இழுத்துக் கட்டிய அறையின் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டில் இருந்த இடத்துக்கு மேலே ஒரு முட்புதர் வேரோடு கிடந்தது. அண்ணி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். முந்தின நாள் அவர்கள் அங்கே இருந்திருந்தால் என்ற எண்ணத்தை என்னால் நிறுத்த முடியவில்லை. உயிர் பிழைத்தார்களே என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மச்சான் அழவில்லை. வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, இது திரும்ப எப்ப வரும்?"

"வரும் அண்ணா."

"எப்பன்னு கேட்டேன்."

அவள் தரையைப் பார்த்தாள். கேட்டால் நிலத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடக்கூடியவள்.

"என் பொண்ணு காலத்துல வருமா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அவ பிள்ளைங்க காலத்துல?"

"இல்லண்ணா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. காலில் ஒட்டிய சேற்றைக் கோலால் சுரண்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, டவுன்ல ஆடு வாங்கற ஆள் யாராவது தெரியுமா உங்களுக்கு? நிறைய இருக்கு. பெருக்கி வெச்சிருக்கேன்."